ஏழாவது குழி

நீலம் கிளம்பிவிட்டது. எண்பது வோல்ட், ஒன்றேகால் மணி நேரம், ஆறே முக்காலுக்கு எடுத்துப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு முத்தரசி டீ குடிக்கப் போயிருக்கிறாள். "கொஞ்சம் பாத்துக்கங்கக்கா, அந்தக் கறுப்பு ஒயர் லூசு, கழண்டுக்கும்." பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரு பிளாஸ்டிக் தொட்டி, அதில் உப்புக் கரைசல், கரைசலுக்கு அடியில் கடற்பாசி அல்வா மாதிரி கண்ணாடியாக ஒரு வில்லை, அதுதான் ஜெல், வில்லையின் ஓரத்தில் வரிசையாகக் குழிகள், ஒவ்வொரு குழியிலும் ஒரு மனிதருடைய டி.என்.ஏ.விலிருந்து ஒரே ஒரு இடத்தை மட்டும் நகலெடுத்துப் போட்டது. மின்சாரம் இழுக்க இழுக்க அது வில்லைக்குள் ஊர்ந்து போகும். குட்டையானது வேகமாகப் போகும், நீளமானது தயங்கித் தயங்கிப் பின்தங்கும். அவ்வளவுதான் வித்தை, பி.எஸ்ஸி. பிள்ளைகள் செய்கிற வேலை. கூடவே ஓடுகிற நீலச் சாயம் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று காட்ட மட்டும்தான். உண்மையான விஷயம் கண்ணுக்குத் தெரியாது, இருட்டறையில் புற ஊதா விளக்கின் மேல் வைத்தால்தான் ஒளிரும். ஆகவே உட்கார்ந்து பார்ப்பதில் ஒரு பிரயோஜனமும் இல்லை. இந்த நேரத்தில் நான் தீசிஸின் நான்காம் அத்தியாயத்தைத் திருத்தலாம், அல்லது வீட்டுக்குப் போகலாம், மகளுக்குத் தலைவாரலாம். ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை கன்ட்ரோல், அதாவது நோயில்லாதவர்கள், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக. பதின்மூன்றில் ஹன்டிங்டன் நோயாளி ஒருவர். பதினான்கில் அளவுகோல். ஏழாவது குழியில் இருப்பது நான். முத்தரசிக்கு இது தெரியாது. சாருக்கு நினைவிருக்காது. என் கணவர் எட்வினுக்கு இப்படி ஒரு தொட்டி உலகத்தில் இருப்பதே தெரியாது.

தெய்வநாயகம் சார் லேபில் ஒரு வழக்கம், புதிதாகச் சேருகிறவர்கள் முதல் வாரமே ஐந்து மில்லி ரத்தம் கொடுக்க வேண்டும். காணிக்கை என்பார் சார். யுனிவர்சிட்டி ஹெல்த் சென்டரிலிருந்து நர்ஸ் வந்து ரப்பர் குழாயைக் கட்டி எடுப்பார், எடுத்து முடித்ததும் சார் தன் கையாலேயே ஒரு மாம்பழ ஜூஸ் பாக்கெட்டை ஸ்ட்ரா குத்திக் கொடுப்பார், சுற்றி நிற்கிறவர்கள் கைதட்டுவார்கள், அன்றிலிருந்து நாம் அந்த லேப். ஆரோக்கியமான ஆளை எங்கே போய்த் தேடுவது, நம்ம பிள்ளைகள்தான் இருக்காங்களே என்பது சாருடைய நியாயம். நியாயம்தான். இருபத்துமூன்று வயதுப் பிள்ளைகள், ஹாஸ்டல் சாப்பாட்டைத் தின்று செரிக்கிறவர்கள், இவர்களைவிட ஆரோக்கியம் யார். அப்போது நிரப்பிய பாரத்தில் ஒரு கேள்வி இருந்தது, குடும்பத்தில் யாருக்காவது நரம்பு நோய் உண்டா என்று. இல்லை என்று எழுதினேன். அது பொய் இல்லை. அப்போது அப்பாவுக்கு விரல் மட்டும்தான் துடித்துக்கொண்டிருந்தது, துறைமுகத்தில் இருபத்தைந்து வருஷம் கிரேன் நெம்புகோலைப் பிடித்த கை, அதிர்ச்சி உள்ளே தங்கியிருக்கும் என்று அவரே சொல்லிக்கொண்டார், நாங்களும் சொல்லிக்கொண்டோம். அறியாமல் செய்தது பாவக் கணக்கில் வராது என்பார் எங்கள் பள்ளி மதர் பிலோமினா. அறிந்த பிறகு மூன்றரை வருஷம் பேசாமல் இருந்தது எந்தக் கணக்கில் வரும் என்று அவரிடம் கேட்கவில்லை, மதர் இப்போது வேறு ஊரில், காதும் கேட்பதில்லையாம். குழாயின் மேல் எண்ணை எழுதியது நான்தான், என் கையெழுத்து அழகாக இருக்கும், கான்வென்ட் கையெழுத்து, அதனால் எல்லோருடைய குழாயிலும் என்னையே எழுதச் சொன்னார்கள். ஏழு எனக்கு வந்தது. அதற்குப் பிறகு மைனஸ் எண்பதில் ஒரு அட்டைப் பெட்டிக்குள் ஐந்து வருஷம் கிடந்தது. நான் அதை மறந்திருந்தேன் என்று சொல்ல மாட்டேன். ஃபிரீசரைத் திறக்கும்போதெல்லாம் அந்தப் பெட்டி இருக்கிற தட்டை மட்டும் பார்க்காமல் பழகியிருந்தேன், ஒரு வீட்டு வாசலைக் கடக்கும்போது அந்தப் பக்கம் திரும்பாமல் போவது போல.

போன வாரம், ஆய்வுக் கட்டுரை அனுப்பியிருந்த பத்திரிகையிலிருந்து பதில் வந்தது. கட்டுரை நன்றாக இருக்கிறது, சில சந்தேகங்கள். மூன்றாவது சந்தேகம், இந்தப் பன்னிரண்டு பேருக்கும் நோய்க்கான ஜீன் இல்லை என்று சோதித்தீர்களா, அல்லது அப்படி எடுத்துக்கொண்டீர்களா. சார் சிரித்தார். "நம்ம பிள்ளைங்களுக்கு ஹன்டிங்டனாம்! நல்லா கேட்டான். முத்தரசி, ஒரு ஜெல் ஓட்டிப் படத்தை அனுப்பிடும்மா, ஒரு நாள் வேலை." நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருந்தால்தான் கவனிப்பார்கள். அந்தக் கட்டுரை என்னுடையது. ஐந்து வருஷத்தில் நான் செய்தது என்னவென்று அம்மாவுக்கு ஒருமுறை விளக்கப் பார்த்தேன்: ஒரு ஜீன் இருக்கிறது, அது மூளைக்கு ஒரு செய்தி எழுதி அனுப்புகிறது, அந்தச் செய்தியில் ஒரே மூன்றெழுத்து திரும்பத் திரும்ப வருகிறது, அளவோடு வந்தால் ஒன்றுமில்லை, நாற்பதைத் தாண்டினால் நாற்பது வயதுவாக்கில் ஆள் ஆட ஆரம்பித்துவிடுகிறார், பிறகு பேச்சு, பிறகு புத்தி, பிறகு விழுங்குவது. நான் அந்தச் செய்தியின் மேல் போய் ஒட்டிக்கொள்கிற ஒரு சின்னத் துண்டைச் செய்கிறேன், ஒட்டினால் செய்தி படிக்கப்படாமல் அழியும். அம்மா கேட்டாள், "அப்ப மருந்து கண்டுபுடிச்சிட்டியா?" இல்லை. பதினொரு துண்டுகள் தோற்றன. பன்னிரண்டாவது, நோயாளியின் தோலிலிருந்து வளர்த்த செல்களில், கெட்ட செய்தியை நாற்பது சதவிகிதம் குறைத்தது. தட்டில். மனிதனில் இல்லை, எலியில்கூட இல்லை. அது மருந்தாவதற்கு எத்தனையோ பேர் எத்தனையோ வருஷம் உழைக்க வேண்டும், பாதி வழியில் நின்றும் போகலாம். ஆனால் ஜீனின் இரண்டு பிரதிகளில் கெட்டதை மட்டும் தொட வேண்டும், நல்லதைத் தொடக் கூடாது. நல்லதைத் தொடவில்லை என்று காட்டத்தான் கன்ட்ரோல்களின் ரத்த செல்கள், அவை தனியாக நைட்ரஜன் தொட்டியில் இருந்தன. பதினொரு பேரில் ஒரு மாற்றமும் இல்லை. ஏழாவதில் மட்டும் கொஞ்சம் குறைந்தது, பன்னிரண்டு சதவிகிதம். இரண்டாம் தடவை ஒன்பது. சார் பார்த்துவிட்டு, "இதெல்லாம் சும்மா இரைச்சல், பிழை வரம்புக்குள்ளதான்" என்றார். பிழை வரம்புக்குள் என்று கட்டுரையில் எழுதியதும் நான்தான். உண்மையிலேயே வரம்புக்குள்தான் இருந்தது. மூன்றாம் தடவை செய்து பார்த்திருக்கலாம். செய்யவில்லை.

நீலம் ஒரு சென்டிமீட்டர் வந்திருக்கிறது. கறுப்பு ஒயர் கழலவில்லை, கம்பியிலிருந்து குமிழிகள் எழும்பிக்கொண்டே இருக்கின்றன, சோடா உடைத்தது போல. இந்த நோயின் வீடியோவை முதலில் பார்த்தது மூன்றரை வருஷத்துக்கு முன்னால் ஒரு நவம்பரில், வயிற்றில் எனக்கு ஐந்து மாதம். செமினார் ஹாலில் புரொஜெக்டரில் போட்டார்கள், வெளியூர் ஆஸ்பத்திரி வராந்தா ஒன்றில் ஒருவர் நடந்து வருகிறார், முகம் மறைத்திருக்கிறது. தோள் தானாக ஏறி இறங்குகிறது, விரல்கள், இல்லாத ஒரு ஆர்மோனியத்தை வாசிக்கின்றன, முழங்கால் நடுவில் ஒருமுறை மடங்கி, விழப்போகிறார் என்று நினைக்கும்போது விழாமல், அதையே ஒரு நடையாக மாற்றிக்கொண்டு வருகிறார். எல்லோரும் குறிப்பெடுத்தார்கள். நான் பார்த்தது துறைமுக முதல் கேட்டிலிருந்து தூக்குவாளியோடு வெளியே வருகிற அப்பாவை. தூக்குவாளி மட்டும்தான் இல்லை. எனக்கு அழுகை வரவில்லை, மயக்கம் வரவில்லை. ஹாலில் ஏ.சி. அதிகமாக இருந்தது. டீயும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள், இரண்டு பிஸ்கட் சாப்பிட்டேன், பக்கத்திலிருந்தவள் நோட்டில் விட்டுப்போனதை என் நோட்டிலிருந்து பார்த்து எழுதிக்கொண்டாள், ஏனென்றால் நான் எல்லாவற்றையும் எழுதியிருந்தேன், பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி என்பதுவரை. ஏப்ரலில் பிறக்க வேண்டிய மகள் மார்ச் கடைசியிலேயே வந்துவிட்டாள், ஜோவிட்டா. அவள் பிறந்த வருஷம் டிசம்பரில் அப்பா செத்தார். கஞ்சி புரையேறியது, அவ்வளவுதான். டாக்டர் மாரடைப்பு என்று எழுதினார். கஞ்சி குடிக்கத் தெரியாமல் போனதற்கு எந்தப் பாரத்திலும் கட்டமில்லை. ஒரு கன்டெய்னரை முட்டையைப் போல இறக்கி வைப்பார் என்று அப்பாவைப் பற்றிச் சொல்வார்கள். சவப்பெட்டியில்தான் அந்த விரல்கள் சும்மா இருந்தன. நான் முகத்தைப் பார்க்கவேயில்லை, விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன், பெரிய அத்தை வந்து, "ஏ பிள்ள, கதறி அழுதிரு, நெஞ்சுல வைக்காத" என்று என்னை உலுக்கினாள். அப்பாவின் அப்பா முப்பத்தெட்டு வயதில் கடலில் விழுந்து போனவர். அவருக்கு இருந்ததா என்று யாருக்கும் தெரியாது. நோய் வந்து சேர்வதற்குள் கடல் வந்துவிட்டது, அல்லது நோய்தான் படகிலிருந்து தள்ளியது.

எனக்கு இருபத்தெட்டு. ஒவ்வொரு காலையும் பல் தேய்க்கும்போது ஒற்றைக் காலில் நிற்கிறேன், வலது இடது, முப்பது முப்பது விநாடி. கட்டைவிரலால் மற்ற விரல்களைத் தொட்டு எண்ணுகிறேன், ஒரு சீராக வருகிறதா. நாக்கை நீட்டிப் பத்து விநாடி அப்படியே வைத்திருக்க வேண்டும், இந்த நோய்க்காரர்களால் அது முடியாது, நாக்கு தானாக உள்ளே ஓடிவிடும். ஒருநாள் எட்வின் பார்த்துவிட்டார். "என்ன ஜெனி, காலையிலேயே யாரைப் பழிக்கிற? எங்க அம்மாவையா?" ஜோவி எங்கள் இருவருக்கும் நடுவில் புகுந்து கண்ணாடிக்கு எட்டாமல் குதித்து அவளும் நாக்கை நீட்டினாள், அன்றிலிருந்து அது எங்கள் வீட்டில் ஒரு விளையாட்டு, தினமும் அம்மாவும் மகளும் நாக்கை நீட்டி நிற்க வேண்டும், அவர் ஒன்று இரண்டு மூன்று என்று எண்ண வேண்டும். அவளுக்கு நான்கைத் தாண்டாது, சிரித்துவிடுவாள். சிரிப்பதால்தான். மூன்று வயதுப் பிள்ளை சிரிக்கத்தான் செய்யும். மூன்று சக்கர சைக்கிளிலிருந்து விழத்தான் செய்யும், மூன்று வயதில் எல்லாப் பிள்ளைகளும் விழுகின்றன, கீழ்வீட்டுப் பையன் நாளுக்கு நான்கு தடவை விழுகிறான், அவனைப் பார்த்து எனக்கு ஒன்றும் தோன்றுவதில்லை. எனக்கு இருந்தால் அவளுக்குப் பாதி. எனக்கு இல்லை என்றால் அவளுக்குப் பூஜ்யம், அதோடு முடிந்தது, பிற்பாடு எந்தப் பேரன் பேத்திக்கும் கிடையாது. ஏழாம் வகுப்பில் சிஸ்டர் ரெஜினால்டா மெண்டலை நடத்தும்போது, "பாருங்க பிள்ளைகளா, அவர் நம்ம சாமியார், மடத்துத் தோட்டத்துல பட்டாணி நட்டுத்தான் இவ்வளவையும் கண்டுபிடிச்சார்" என்று பெருமையாகச் சொல்லிப் போர்டில் கட்டம் போடுவார், நெட்டைப் பட்டாணி, குட்டைப் பட்டாணி. எனக்கு அந்தக் கட்டம் பிடிக்கும், எதைப் போட்டாலும் விடை வந்துவிடும். பேசினால் இம்போசிஷன் கொடுப்பார், நான் வகுப்பில் பேச மாட்டேன் என்று ஐம்பது தடவை. எழுத எழுத முதல் பத்து வரிக்கு அர்த்தம் இருக்கும், பிறகு கை மட்டும் எழுதும், எத்தனை எழுதினோம் என்பது தவறிப்போகும், நாற்பதா நாற்பத்தைந்தா, கூடுதலாகவே எழுதிவிடுவோம் பயத்தில். அந்த ஜீனும் அப்படித்தான் செய்கிறது, ஒரே வரி, எண்ணிக்கை தவறி. தகப்பனிடமிருந்து பிள்ளைக்குப் போகும்போது இன்னும் நீளும் என்று எழுதியிருக்கிறார்கள். தாயிடமிருந்து போகும்போது அவ்வளவு நீளுவதில்லை. அதை நான் எத்தனை கட்டுரைகளில் தேடித் தேடிப் படித்திருக்கிறேன், தாயிடமிருந்து, தாயிடமிருந்து என்று.

"ஏன்க்கா அதையே மொறைச்சுப் பாக்குறீங்க? பயந்துக்கிட்டு வேகமா ஓடிருமா?" முத்தரசி பஜ்ஜிப் பொட்டலத்தோடு வந்துவிட்டாள், லேபுக்குள் சாப்பிடக் கூடாது, வாசலில் நின்று ஒரு காலை உள்ளே வைத்துக்கொண்டு தின்கிறாள். உசிலம்பட்டிக்காரி, லேப் டெக்னீசியன் படித்துவிட்டு இரண்டு வருஷம் ஆஸ்பத்திரியில் ரத்தம் குத்தி, பிறகு எம்.எஸ்ஸி. படித்து இங்கே வந்தவள், கை சுத்தம், வாய்தான் நிற்காது. நேற்று அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். "பத்துப் பொருத்தத்துல எட்டு இருக்காம். ரஜ்ஜு இருக்காம். மாப்பிள்ளையோட அம்மா கேக்குது, இவ்வளவு படிச்சு என்னத்தத்தாம்மா கண்டுபிடிச்சீங்கன்னு. நாப்பது சதவீதம் கண்டுபிடிச்சிருக்கோம்னேன். எங்க அம்மா என் தொடையில கிள்ளுது." நான் சிரித்தேன். நல்ல சிரிப்புதான் வந்தது. "உங்களுக்கு எப்படிக்கா, ஜாதகம் பாத்தாங்களா? உங்காளுகள்ல பாக்க மாட்டாங்கல்ல?" பார்க்க மாட்டார்கள். பங்குச் சாமியாரிடம் விசாரிப்பார்கள், பெண் எப்படி, குடும்பம் எப்படி. சாமியார் நல்லபடியாகச் சொன்னார். முத்தரசி கையைக் கழுவப் போகிறாள். இன்று காலை எட்டரைக்கு, அவள் வருவதற்கு முன்னால், நான் ஃபிரீசரைத் திறந்து அந்தப் பெட்டியை எடுத்தேன். முதல் தடவையாக அந்தத் தட்டைப் பார்த்தேன். என் குழாயை எடுத்துப் பையில் போட்டிருக்கலாம், குழாய் உடைந்துவிட்டது என்றால் யாரும் கேட்க மாட்டார்கள். உரிமையும் உண்டு. ஆய்வில் பங்கு பெறுகிறவர் எந்த நேரத்திலும் காரணம் சொல்லாமல் விலகிக்கொள்ளலாம் என்ற வரியைத் தமிழில் மொழிபெயர்த்தது நான், அதை நோயாளிகளுக்கு நிறுத்தி நிதானமாக வாசித்துக் காட்டுவேன், சிலர் ஆட்டத்தோடு தலையாட்டுவார்கள், அது சம்மதமா ஆட்டமா என்று தெரியாது, திரும்பவும் வாசிப்பேன். குழாய் விரலில் ஒட்டிக்கொண்டது, அவ்வளவு குளிர். கையுறை போடவில்லை. பிறகு திரும்ப வைத்துவிட்டேன். ஏன் வைத்தேன்? தைரியம் இல்லை. எடுத்தால் எனக்கு இருக்கிறது என்று நானே தீர்ப்பு எழுதியது போல ஆகிவிடும் என்று தோன்றியது. இல்லாதவள் ஏன் எடுக்க வேண்டும்.

நீலம் பாதி தாண்டிவிட்டது. எட்வினுக்குச் சொல்லவில்லை என்பதில் ஒரு திருத்தம். சொல்லாமல் மட்டும் இல்லை, வேறொன்றை நம்ப விட்டேன். கல்யாணத்தன்று கோயிலில் பீடம்வரை என்னைக் கைபிடித்து அழைத்து வந்த அப்பா இரண்டு தடவை தடுமாறினார், விருந்தில் பேசும்போது நாக்கு குழறியது. மாப்பிள்ளை வீட்டார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். துறைமுகத்தில் ஏற்கெனவே அவரைக் கிரேனிலிருந்து இறக்கி ஸ்டோரில் உட்கார வைத்திருந்தார்கள், குடித்துவிட்டு வருகிறார் என்று ஒரு மெமோ, அவர் ஊதிக் காட்டினார், பிறகும் அதைத்தான் சொன்னார்கள். மாமியார் என்னிடம் ஒருநாள் மீன் ஆய்ந்துகொண்டே சொன்னார், "குடிகாரன் வீட்டுப் பொண்ணா இருந்தாலும் உங்க அம்ம நல்லா வளத்திருக்காவ." பாராட்டாகத்தான் சொன்னார். அப்போது எனக்கும் ஒன்றும் தெரியாது, அப்பா எங்களுக்குத் தெரியாமல் குடிக்கிறாரோ என்று நானும் சந்தேகப்பட்டிருக்கிறேன், சட்டையை முகர்ந்து பார்த்திருக்கிறேன், துவைக்கப் போடும்போது. வியர்வை வாடையும் கிரீஸ் வாடையும்தான். செமினாருக்குப் பிறகு சொல்லியிருக்கலாம். வயிற்றில் ஐந்து மாதம், அவர்கள் வீட்டு முதல் பேரப்பிள்ளை. குடி என்றால் அது அவரோடு போயிற்று. இது அவரோடு போகாது. அதனால் குடிகாரராகவே இருக்கட்டும் என்று விட்டேன், அப்பாதான் ஒன்றும் சொல்ல மாட்டாரே. எட்வின் எப்போதாவது நண்பர்களோடு ஒரு பீர் குடிக்கிறவர், கல்யாணத்துக்குப் பிறகு அதையும் விட்டுவிட்டார். ஏனென்று கேட்டதற்கு, "நீ சின்ன வயசுலயே போதும்போதும்னு பாத்துட்ட, இன்னும் எதுக்கு" என்றார். அன்று இரவு தூக்கம் வரவில்லை. நல்லவராக இருப்பதற்கும் ஒரு அளவு வேண்டாமா. ஒரு பொய்க்காக ஒருத்தர் நான்கு வருஷமாகப் பீர் குடிக்காமல் இருக்கிறார். ஊர்த் திருவிழாவுக்குப் போனால் எல்லோரும் குடிக்கும்போது இவர் மட்டும் வண்டிச் சாவியைச் சுற்றிக்கொண்டு நிற்கிறார், மாப்பிள்ளை ரொம்ப ஒழுக்கம் என்கிறார்கள், நான் பக்கத்தில் நிற்கிறேன்.

"ஆச்சுக்கா." முத்தரசி ஸ்விட்சை அணைத்தாள். குமிழிகள் நின்றுவிட்டன. அவள் வில்லையை இரண்டு கைகளிலும் ஏந்தி இருட்டறைக்குப் போகிறாள், நான் கதவைத் திறந்து பிடிக்கிறேன், அவளுக்குப் பின்னால் போகலாமா வேண்டாமா என்று யோசிப்பதற்குள் உள்ளே இருக்கிறேன், கதவு தானாகச் சாத்திக்கொள்கிறது. கண்ணாடித் தடுப்பை இறக்கினாள். விளக்கைப் போட்டாள். ஊதா இருட்டில் ஆரஞ்சுக் கோடுகள். பதின்மூன்றில் நோயாளி, இரண்டு கோடுகள், ஒன்று எல்லோரையும் போலக் கீழே, இன்னொன்று தனியாக மேலே, இறங்க மாட்டேன் என்பது போல. ஏழாவது குழியைக் கண்டுபிடிக்க நான் இடது பக்கத்திலிருந்து எண்ண ஆரம்பித்தேன், நான்கில் எண்ணிக்கை தவறியது, திரும்ப எண்ணினேன். ஏழில் ஒரே கோடு. கீழே. மேலே ஒன்றுமில்லை, வெறும் கறுப்பு. "சூப்பர்க்கா. பன்னெண்டும் கிளீன். மூணு, ஏழு, பத்து ஒரே கோடு, மத்ததெல்லாம் ரெண்டு ரெண்டு, எல்லாம் கீழதான். சார்ட்ட அனுப்பிடவா?" அவள் படத்தை எடுத்துவிட்டாள், அச்சு இயந்திரம் முனக ஆரம்பித்தது, அவள் லேப் நோட்டில் கட்டம் போட்டு ஒன்றிலிருந்து பன்னிரண்டுவரை நார்மல் நார்மல் என்று எழுதிக்கொண்டு போகிறாள், அடியில் சீனியர் கையெழுத்துக்கு இடம் விட்டு நோட்டை என் பக்கம் தள்ளினாள், பேனாவையும் வைத்தாள். பத்து விநாடி இருக்கும். அந்தப் பத்து விநாடிக்கு எனக்கு அப்பாவுடையது வரவில்லை, ஜோவிக்கு வராது, மாமியார் மீன் ஆயட்டும், எட்வின் பீர் குடிக்கட்டும். பிறகு, படித்த படிப்பு வந்தது. ஒவ்வொருவருக்கும் இரண்டு பிரதி, அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. இரண்டும் ஒரே நீளமென்றால் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து ஒரே கோடாகத் தெரியும், அது நார்மல். ஆனால் ஒன்று மிக நீளமாக இருந்தால் எங்கள் பழைய மெஷினில் நகலெடுப்பே திணறிப்போய், அதை விட்டுவிட்டு மற்றதை மட்டும் எடுத்துத் தரும். அப்போதும் ஒரே கோடுதான் தெரியும், இதே இடத்தில், இதே வெளிச்சத்தில். பதின்மூன்றாம் ஆளுக்கு நாற்பத்து நான்கு, அதனால் வந்தது. ஐம்பது என்றால் வராமலும் போகலாம். நான் பார்ப்பது என் அம்மாவை மட்டும். அப்பா அதற்கடியில் இருக்கிறாரா, வெளியே நிற்கிறாரா என்று இந்த ஜெல் சொல்லாது.

கையெழுத்துப் போட்டிருக்கலாம். போட்டால் கட்டுரை வரும், பட்டம் வரும், பத்திரிகைக்காரனுக்குத் தெரியப்போவதில்லை, இந்த ஜீனில் முத்தரசிக்கு இது முதல் ஜெல், அவளுக்கு இந்தச் சூட்சுமம் தெரியாது. பேனாவை எடுத்தேன். "முத்தரசி, மூணு, ஏழு, பத்து மூணையும் அடி. ஒரே கோடு வந்தா நார்மல்னு எழுதக் கூடாது, முடிவு இல்லைன்னு எழுது." ஏன் என்று கேட்டாள். சொன்னேன், ஒரு டீச்சர் மாதிரிதான் சொன்னேன், குரல் நன்றாகவே இருந்தது. "அப்ப நாளைக்கே நீங்க சொன்ன அந்த இன்னொரு முறையில மூணையும் ஓட்டிடுறேன்க்கா. அதுல நீளமானதும் தப்பாது." "மூணையும் பத்தையும் ஓட்டு. ஏழு வேண்டாம். அதை ஆய்வுலேருந்தே எடுத்துடு. சார்கிட்ட நான் சொல்லிக்கிறேன்." "ஏன்க்கா? டி.என்.ஏ. மிச்சம் இருக்கே." அவள் முகம் விளக்கு வெளிச்சத்தில் ஊதாவாக இருந்தது, இருபத்தாறு வயது, எட்டுப் பொருத்தம் இருக்கிற முகம். "ஏழு நான்தான். எங்க அப்பாவுக்கு இருந்துச்சு." எவ்வளவு சின்ன வாக்கியம். மூன்றரை வருஷமாக அது இவ்வளவு சின்னது என்று எனக்குத் தெரியாது. முத்தரசி நோட்டில் ஏழாவது வரியை அடித்தாள். "ஆஸ்பத்திரியில வேலை பாக்கும்போது இந்த மாதிரி டெஸ்ட்டுக்கு வர்றவங்கள நான் பாத்திருக்கேன்க்கா" என்றாள். "தனியா வந்தா திருப்பி அனுப்பிடுவாங்க. கூட யாராச்சும் வரணும், முதல்ல ஒக்காத்தி வச்சுப் பேசுவாங்க. ரெண்டு மூணு தடவை பேசின பிறகுதான் ஊசியே." "தெரியும்" என்றேன். "நீங்க டாக்டர் யாரையாச்சும்..." "இல்ல." "எட்வின் அண்ணனுக்காவது தெரியுமா?" "இல்ல." "பாவிப் பொம்பள" என்றாள் முத்தரசி, நிஜமாகவே கோபத்தோடு, பிறகு விளக்கை அணைத்துவிட்டு எனக்கு வழிவிட்டாள்.

வராந்தாவில் டவர் கிடைக்கிற இடம் தண்ணீர்க் கேனுக்குப் பக்கத்தில். எட்வின் இரண்டாவது மணியிலேயே எடுத்தார், பின்னால் கார்ட்டூன் சத்தம், ஜோவி எதற்கோ கத்திக்கொண்டிருந்தாள். "கிளம்பியாச்சா? இவ பால் குடிக்க மாட்டேங்கறா, நீ வந்தாத்தான்னு அழிச்சாட்டியம்." "வெள்ளிக்கிழமை லீவு போட முடியுமா?" "வெள்ளிக்கிழமையா, ஆடிட்டிங் இருக்கே ஜெனி. என்ன விஷயம்?" "ஆஸ்பத்திரிக்குப் போகணும். கூட ஒருத்தர் வரணும்." "யாருக்கு? பாப்பாவுக்கு என்ன? நல்லாத்தானே இருக்கா." "அவளுக்கு ஒண்ணும் இல்ல. எனக்கு." "உனக்கு என்ன?" கை உதறுகிறதா என்று பார்த்தேன், உதறியது, எல்லோருக்கும் உதறும். நேரில் சொல்லலாம், சாப்பிட்ட பிறகு, அவள் தூங்கிய பிறகு, ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு என்று வழக்கமான நேரங்கள் எல்லாம் வரிசையாக வந்து நின்றன, எல்லாவற்றையும் எனக்கு நன்றாகத் தெரியும், ஒவ்வொன்றிலும் நான் ஏற்கெனவே பேசாமல் இருந்திருக்கிறேன். "எங்க அப்பா ஒரு சொட்டுக்கூடக் குடிச்சதில்லைங்க" என்றேன். அந்தப் பக்கம் கார்ட்டூன் சத்தம் நின்றது. ஜோவி "போடுப்பா, போடுப்பா" என்று கெஞ்சுவது கேட்டது. "சொல்லு" என்றார்.